முதலாளி சகோதரரே! இது தர்மமல்ல, கூலி!



ஜும்ஆ முடிந்து இமாம் ஸலாம் கொடுத்ததும் பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து நிற்பார். "கண்ணியத்திற்குரியவர்களே! இவர் பனியன் கம்பெனியில் டெய்லர். இரண்டு கிட்னியும் போய்விட்டது. மூன்று பிள்ளைகள். ஜமாஅத் கடிதம் இருக்கிறது. வாசலில் துண்டு பிடிக்கிறோம், தாராளமாக உதவுங்கள்" என்பார். திருப்பூரில் பெரியதோட்டத்தில் தொழுதாலும் காங்கயம் ரோட்டில் தொழுதாலும் இந்த அறிவிப்பு நம் காதுகளுக்குப் பழகிவிட்டது. கிட்னி இல்லையென்றால் இருதயம், இருதயம் இல்லையென்றால் கேன்சர். அறிவிப்புச் செய்தவர்களில் நானும் ஒருவன். துண்டின் ஒரு முனையைப் பிடித்தவனும்தான்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. துண்டுக்குப் பக்கத்தில் தலைகுனிந்து நின்றவர் ஒரே கம்பெனியில் 14 ஆண்டு ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவர். முதல் ஆளாக வந்து 500 ரூபாய்த் தாளைப் போட்டவர் அவருடைய முதலாளி. சுற்றி நின்றவர்கள் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். நானும் அவருக்காக துஆச் செய்தேன். கூட்டம் கலைந்த பிறகுதான் எனக்கு ஒரு கேள்வி தோன்றியது. "பாய், உங்களுக்கு இ.எஸ்.ஐ. நம்பர் இருக்கா?" என்று கேட்டேன். "இல்லீங்க ஹஜ்ரத். ஒரு தடவை ஆபீஸ்ல கேட்டேன். நீ கான்ட்ராக்ட் ஆளு, கான்ட்ராக்ட்காரரைக் கேளுன்னுட்டாங்க. அவரைக் கேட்டா சிரிச்சாரு."

அன்றிரவு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். அவர் சம்பளம் மாதம் 15,000 ரூபாய். 2019 ஜூலை 1 முதல் இ.எஸ்.ஐ.யில் முதலாளியின் பங்கு நூற்றுக்கு 3.25, தொழிலாளியின் பங்கு 0.75. அப்படியானால் முதலாளி மாதம் கட்ட வேண்டியது 487 ரூபாய் 50 காசு. துண்டில் விழுந்தது 500. ஒரு மாதச் சந்தாவைப் பதினான்கு ஆண்டு கழித்துத் துண்டில் போட்டுவிட்டு அவர் மாஷா அல்லாஹ் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்!

இது யாருடைய தவறு? அவருடைய தவறு மட்டுமா? அவருக்கு துஆச் செய்த என் தவறு இல்லையா?

எண்ணிப் பாருங்கள்! அந்தத் தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? சிகிச்சை அவருக்கும் மனைவி மக்களுக்கும், அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் கிடைத்திருக்கும். சிகிச்சைச் செலவுக்கு இத்தனை லட்சம்தான் என்ற வரம்பு இல்லை. உயர் சிகிச்சைக்குப் பணிக்கால நிபந்தனை மட்டும் உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஆண்டில் 91 நாள் வரை நூற்றுக்கு 70 வீதம் சம்பளம். நாள்பட்ட நோய்கள் என்று 34 நோய்களுக்குத் தனிப்பட்டியல் உண்டு. காசநோய், கேன்சர், சிறுநீரகச் செயலிழப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையிலிருந்து உரிய சந்தா கட்டியவருக்கு இந்த நோய் வந்தால், நூற்றுக்கு 80 வீதம் சம்பளம் இரண்டு ஆண்டு வரை வரும். நம் டெய்லருக்கு மாதம் 12,000 ரூபாய் அளவுக்கு வீட்டுக்கு வந்திருக்கும்.

இப்போது அவருக்கு டயாலிசிஸ் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் நடக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை தரும் அந்தத் திட்டத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அட்டை ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கும். வீட்டு வாடகை கொடுக்காது, அரிசி வாங்காது. அவர் துண்டு ஏந்தியது வைத்தியத்துக்கே அல்ல. வாடகைக்கு!

மூன்று போர்டு, ஒரே கதவு

இந்த ஊரின் பனியன் தொழிலுக்கு நம்மவர் அந்நியரல்ல. 1925-ல் பேபி நிட்டிங் கம்பெனியைத் தொடங்கி வைத்தவர் குலாம் காதர் சாகிப் என்று ஊர் வரலாறு சொல்கிறது. இன்று காதர்பேட்டையில் செகண்ட்ஸ் பனியனை மூட்டை கட்டி அனுப்பும் இளைஞர் முதல் சொந்தமாக ஏற்றுமதி செய்பவர் வரை நம் சமுதாயம் இந்தத் தொழிலில் நிற்கிறது. 2024-25-ல் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த ஊர் இது. அந்தப் பணத்தின் ஒவ்வொரு தாளிலும் கட்டிங் மாஸ்டரின் கையும், சிங்கர் டெய்லரின் கண்ணும், செக்கிங் பெண்களின் இடுப்பு வலியும் இருக்கின்றன.

ஆனால் நடப்பது என்ன? 24 பேர் வேலை செய்யும் கம்பெனி. முதலாளி பெயரில் ஒரு போர்டு, மனைவி பெயரில் ஒரு போர்டு, மைத்துனர் பெயரில் ஒரு போர்டு. ஆளுக்கு எட்டுப் பேர். 10 பேருக்குக் குறைந்தால் இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை என்று ஆடிட்டர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். போர்டு மூன்று, உள்ளே போகும் கதவு ஒன்று, கல்லாப்பெட்டி ஒன்று! மலக்குகளுமா இந்த மூன்று போர்டையும் பார்த்து ஏமாறப் போகிறார்கள்?

இன்னொரு இடத்தில் 60 பேர் வேலை செய்வார்கள், 15 பேர் பதிவேட்டில் இருப்பார்கள். மீதிப் பேர் பீஸ் ரேட், பவர் டேபிள், கான்ட்ராக்ட். வெளிநாட்டு பையரின் ஆள் ஆடிட்டுக்கு வரும் நாளில் இவர்களுக்கு லீவு, அல்லது பின்கதவு. சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? பீஸ் ரேட்டில் தைத்தாலும் அவர் தொழிலாளியே. கான்ட்ராக்டர் மூலம் வந்தவருக்கும் சந்தா கட்டும் பொறுப்பு முதலில் பிரதான முதலாளியுடையது. கட்டிவிட்டுக் கான்ட்ராக்டரிடம் கழித்துக்கொள்ளலாம். "அவன் என் ஆள் இல்லை" என்ற பேச்சுக்கு 1948-ம் ஆண்டுச் சட்டத்திலும் இடமில்லை, அதை உள்ளடக்கி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடமில்லை.

மூன்றாவது வகை இன்னும் நுட்பமானது. பெயர் இருக்கும், நம்பரும் இருக்கும். தினக்கூலி 600 ரூபாய், பதிவேட்டில் 300. சந்தாவில் பாதி மிச்சம். இதில் என்ன கெட்டுவிட்டது என்கிறார்கள். அந்தத் தொழிலாளி வேலை நேரத்தில் விபத்தில் மவுத்தாகிவிட்டால், அவர் மனைவி மக்களுக்கு வரும் உதவித்தொகை கூலியில் 90 சதவீதம். உண்மைக் கூலிக்கு 540 ரூபாய் வர வேண்டிய வீட்டுக்கு 270 ரூபாய்தான் வரும். ஒரு நாளல்ல, ஆயுள் முழுக்க அந்த விதவைக்குப் பாதி. வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைத்து அளப்பவர்களைக் கண்டித்துத் திருக்குர்ஆனில் ஒரு அத்தியாயமே இருப்பதைத் தராசு வைத்திருக்கும் கடைக்காரருக்கு மட்டும் உரியது என்று நினைத்தோம். சம்பளப் பதிவேடும் ஒரு தராசுதானே?

எல்லாவற்றிலும் கேடானது நான்காவது: தொழிலாளியின் கூலியில் சந்தாவைப் பிடித்துக்கொண்டு கழகத்தில் கட்டாமல் விட்டுவிடுவது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 405-வது பிரிவு இதை நம்பிக்கை மோசடி என்று வைத்திருந்தது. 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த விதி தொடர்கிறது. பிடித்த பணம் முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் என்கிறது சட்டம். நாம் இதை மக்தபிலேயே வேறு பெயரில் படித்திருக்கிறோம். அமானத்!

"இன்சூரன்ஸ் ஹராம் ஹஜ்ரத்!"

இப்படிச் சொல்லி என் வாயை அடைக்கப் பார்த்தவர் ஒருவரல்ல. மார்க்கத்தின் பெயரால் வரும் வாதம் என்பதால் இதற்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இலாபத்துக்காக நடத்தப்படும் வணிகக் காப்பீட்டில் நிச்சயமற்ற பேரமும் (கரர்) வட்டியும் கலந்திருப்பதால் அது கூடாது என்று 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது உண்மை. அதே தீர்மானம், ஒருவருக்கொருவர் உதவும் நோக்கில் (தபர்ரு) எல்லோரும் கொடுத்துச் சேர்க்கும் கூட்டுறவு முறையை மாற்று வழியாகக் காட்டியதையும் சேர்த்துப் படியுங்கள். இ.எஸ்.ஐ.யில் யாரும் யாருக்கும் எதையும் விற்கவில்லை. பங்குதாரருக்கு இலாபம் பிரிக்கும் கம்பெனியும் அதில் இல்லை. சம்பளத்துக்கேற்ப எல்லோரும் போடுகிறார்கள், நோய்க்கேற்ப எடுக்கிறார்கள். தவறுதலாக நேர்ந்த கொலைக்கான நஷ்டஈட்டைக் கொன்றவரின் குலத்தார் எல்லோரும் பங்கிட்டுக் கொடுக்கும் ஆகிலா முறை நம் ஃபிக்ஹில் இருக்கிறதே, அதன் அடிப்படை என்ன? ஒருவன் தலையில் விழும் சுமையைப் பலர் தோளுக்கு மாற்றுவது.

பயணத்தில் உணவு குறைந்தால் கையிலிருப்பதை எல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட அஷ்அரீ குலத்தாரை நபி (ஸல்) அவர்கள் தம்மைச் சேர்ந்தவர்கள் என்று பாராட்டிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அங்கேயும் ஒரு துணி விரிந்தது. ஆனால் அதைப் பசித்தவன் வாசலில் ஏந்தி நிற்கவில்லை; எல்லோரும் முன்கூட்டியே கொட்டினார்கள்.

கழகத்தின் பணம் வட்டி வரும் முதலீட்டிலும் கிடக்கிறது, அதனால் மனம் ஒப்பவில்லை என்று சொல்லும் ஆலிம்களும் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. பேணுதலுக்காகத் தயங்குகிற முதலாளி சகோதரரிடம் நான் கேட்பது ஒன்றே. பேக்கிங் கிரெடிட்டுக்கு பேங்க்கில் வட்டி கட்டுகிறீர்களே, அப்போது இந்தப் பேணுதல் எங்கே போனது? குடோனுக்கும் மிஷினுக்கும் தீ விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களே, அது ஹலால் ஆகிவிட்டதா? மிஷினுக்கு ஆகும் காப்பீடு மிஷினில் உட்காரும் மனிதனுக்கு மட்டும் ஆகாதா? உண்மையிலேயே கூடாது என்று நம்பினால் அதற்கும் வழி இருக்கிறது. சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, உங்கள் தொழிலாளி படுத்தால் அவருடைய முழுச் சம்பளத்தையும் முழுச் செலவையும் உங்கள் பையிலிருந்து கொடுங்கள். அவர் மவுத்தானால் அவர் பிள்ளைகளை நீங்கள் வளருங்கள். அப்படிச் செய்பவர் காலில் செருப்பைத் துடைத்து வைக்க நான் தயார்.

வியாபாரக் கணக்கிலும் பாருங்கள்

"கட்டுபடி ஆகாது" என்பார்கள். சரி, மறுமையை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கால்குலேட்டரை எடுப்போம். மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு முதலாளி பங்கு, 26 வேலை நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 18 ரூபாய் 75 காசு. இருபது பேருக்கு மாதம் 9,750 ரூபாய். நூல் விலை ஒரு கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால் சத்தமில்லாமல் தாங்கிக்கொள்கிற நமக்கு இதுவா தாங்கவில்லை?

இதற்குப் பதிலாக முதலாளிக்கு என்ன கிடைக்கிறது என்பதை ஆடிட்டர் சொல்லியிருக்க மாட்டார். இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளி கட்டிங் மிஷினில் விரலை இழந்தால் சிகிச்சையும், ஊனத்துக்கான வாழ்நாள் உதவித்தொகையும் கழகத்தின் பொறுப்பு. முதலாளி மீது தனியாக நஷ்டஈட்டு வழக்கு வராது. இ.எஸ்.ஐ. இல்லையா? முழு நஷ்டஈடும் உங்கள் தலையில்தான். சிறிய கம்பெனியில் பாய்லர் ஒரு முறை வெடித்தால் கம்பெனியும் போகும், வீடும் போகும். பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்கு 26 வாரம் முழுச் சம்பளம் (இரண்டு குழந்தைகள் வரை) கழகம் தருகிறது. இல்லாவிட்டால் சட்டப்படி அதையும் நீங்களே தர வேண்டும். தராமல் அந்தப் பெண்ணை நிறுத்திவிடுகிறீர்கள் என்பது வேறு விஷயம். அதற்கும் கேள்வி உண்டு.

பி.எஃப்.பும் சேர்ந்து வந்துவிடும் என்ற பயத்தில் பல சிறு கம்பெனிக்காரர்கள் இ.எஸ்.ஐ. பக்கமே போவதில்லை. பி.எஃப். கட்டாயமாவது 20 பேர் முதல், இ.எஸ்.ஐ. 10 பேர் முதல். பன்னிரண்டு பேர் வைத்திருப்பவருக்கு இன்று கட்டாயம் இ.எஸ்.ஐ. மட்டுமே. பத்துக்கும் குறைவாக வைத்திருப்பவரும், தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்டால், தாமாக முன்வந்து சேர புதிய சட்டத் தொகுப்பில் வழி இருக்கிறது.

நம்மோடு போட்டி போடும் பங்களாதேஷைப் பாருங்கள். 2013 ஏப்ரல் 24-ல் டாக்காவுக்கு அருகில் ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் நம் சகோதரிகள். வேலை விபத்துக்கு ஒரு காப்பீட்டு ஏற்பாடு அந்த நாட்டில் அன்று இல்லை. நஷ்டஈட்டுக்கு வேண்டிய 3 கோடி டாலரை உலகத் துணிக் கம்பெனிகளிடம் வசூலித்து முடிக்க 2015 ஜூன் ஆயிற்று. இரண்டு ஆண்டுக்கு மேல் சர்வதேச அளவில் துண்டு ஏந்த வேண்டியிருந்தது! 2022-ல்தான் வேலை விபத்துக் காப்பீட்டை அங்கே சோதனை முறையில் தொடங்கினார்கள். நம் நாட்டில் 1952 பிப்ரவரி 24-ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. கோவைக்கு 1955-ல் வந்துவிட்டது. கையில் இருப்பதை வைத்துக்கொண்டு நாம் துண்டு ஏந்துகிறோம்.

"ஒரு நாள் டிஸ்பென்சரிக்குப் போய்ப் பாருங்க ஹஜ்ரத்" என்று தொழிலாளி சிரிப்பது என் காதில் விழுகிறது. போய்ப் பார்த்திருக்கிறேன். வரிசையில் அரை ஷிப்ட் போய்விடும். டாக்டர் நாற்காலி காலியாக இருக்கும், அல்லது எழுதிய மாத்திரை இருக்காது. கோவைக்கு 1955-ல் வந்த திட்டத்துக்கு, லட்சக்கணக்கான தொழிலாளர் உழைக்கும் திருப்பூரில் 100 படுக்கை ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டியது 2019 பிப்ரவரி 10-ல்; திறந்தது 2024 பிப்ரவரியில். அதுவரை படுக்கை வேண்டுமென்றால் சிங்காநல்லூருக்குப் பஸ் ஏற வேண்டும். சம்பள வரம்பு 21,000 ரூபாய் என்று வைத்தது 2017 ஜனவரியில். அதன் பிறகு விலைவாசி எங்கே போயிருக்கிறது! காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட் ஓடும் ஊரில் டிஸ்பென்சரி இரவிலும் திறந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்சி கேட்டது? நாம் கேட்டோமா? பள்ளிவாசல் இடத்துக்கு ஆர்ப்பாட்டம் செய்தோம், இடஒதுக்கீட்டுக்குச் செய்தோம், அவை நியாயமானவை. டாக்டர் பணியிடத்துக்கும் மருந்துக்கும் ஒரு முறை கொடி பிடித்தால் எல்லாச் சமுதாயத்துத் தொழிலாளியும் நம் பின்னால் வருவார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் கம்பெனிகளில் தைக்கும் பிள்ளைகளும் வருவார்கள். தொழிலாளியின் ஹக்கில் அவர் மதம் என்ன என்ற கேள்வி இல்லை.

டிஸ்பென்சரி சரியில்லை என்பதற்காக நம்பரே வேண்டாம் என்று சொல்லும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. "பிடிக்காதீங்க பாய், முழுசா கையில கொடுங்க" என்று சனிக்கிழமை சம்பளத்தில் மல்லுக்கு நிற்கிறாயே, 15,000 ரூபாய்க்கு உன் பங்கு மாதம் 112 ரூபாய் 50 காசு. ஒரு நாளுக்கு ஐந்து ரூபாய்கூட இல்லை. டீக்கடையில் நீ விடும் சில்லறை. இன்னொன்று, பத்து ரூபாய் கூடக் கிடைத்தால் அடுத்த வாரமே கம்பெனி மாறுகிறாய். மாறு, தப்பில்லை. ஆனால் புதிய கம்பெனியில் பழைய நம்பரையே கொடு. இ.எஸ்.ஐ. நம்பர் ஆயுளுக்கு ஒன்று. கம்பெனிக்கு ஒன்றாக எடுத்தால் உன் சந்தா நாட்கள் சிதறிப்போகும். நோய்க்காலச் சம்பளம் வாங்க ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்குப் பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. உன் பெயரில் பணம் கட்டப்படுகிறதா என்று கழகத்தின் 1800-11-2526 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். கேட்டதற்காக வேலையை விட்டு நிறுத்தினால் ஜமாஅத்தில் வந்து சொல்.

வீட்டில் உட்கார்ந்து கை மடிக்கும், பிசிறு வெட்டும் நம் தாய்மார்கள் இந்த வளையத்துக்குள் பெரும்பாலும் வரமாட்டார்கள். ரமலானில் திரளும் ஜகாத்தையும் பைத்துல்மாலையும் முதலில் அவர்கள் பக்கம் திருப்புவோம். கம்பெனி முதலாளி தன் சட்டையிலிருந்து தர வேண்டியதை ஜகாத் பணத்திலிருந்து நாம் ஈடுகட்டிக்கொண்டிருப்பதால்தான் இவர்களுக்கு மிஞ்சுவதில்லை.

ஆகவே முத்தவல்லிகளுக்கும் நம் கிளை நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சிகிச்சை உதவிக்கு ஜமாஅத் கடிதம் கேட்டு ஒருவர் வந்தால், ஆதார், ரேஷன் கார்டோடு இ.எஸ்.ஐ. நம்பரையும் கேளுங்கள். இல்லை என்றால் அதற்காகக் கடிதத்தை மறுக்காதீர்கள். அவர் எந்தக் கம்பெனியில், எத்தனை ஆண்டு, என்ன சம்பளத்தில் வேலை செய்தார் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். அதன் முதல் பிரதியை அந்த முதலாளியின் மேஜைக்கு அனுப்பிவிட்டு, பதில் வந்த பிறகு துண்டை விரியுங்கள்.

வஸ்ஸலாம்.